ஏற்றத்தில் மினுக்கும் விளக்கு: மெதுவாக மிதிப்பவர்களுக்கு ஹப் டைனமோ

தேனி மாவட்டத்தில் லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலைப்பாதை தொடங்கியதும் சைக்கிளின் வேகம் மணிக்கு 6, 7 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். கம்பம்மெட்டு ஏற்றத்தில் அதுகூடத் தேறாது. முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுபவர்களுக்கும் இதே நிலைதான். ஆனால் சக்கரம் சுற்றுவதிலிருந்தே விளக்குக்கு மின்சாரம் எடுக்கும் ஹப் டைனமோ பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் ஓடுபவர்களை மனதில் வைத்து எழுதியவை. அதை நம்பி நல்ல காசு கொடுத்து மாட்டியவர்கள் முதல் மலையேற்றத்திலேயே "ஹப் போயிருச்சு" என்று முடிவுகட்டிக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

முன்சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த ஹப் அவ்வளவு சுலபத்தில் கெடாது. உராயும் கரித்துண்டு எதுவும் அதற்குள் கிடையாது. காந்தம் சுற்றுகிறது, கம்பிச் சுருள் அப்படியே நிற்கிறது, அவ்வளவுதான். கோளாறு பெரும்பாலும் வயரில் இருக்கும், அல்லது விளக்கில் இருக்கும். இன்னும் அதிகமாக நான் பார்ப்பது மூன்றாவது வகை: ஹப்பும் நல்லது, வயரும் நல்லது, விளக்கும் நல்லது, ஆனால் அந்த விளக்கு மெதுவாகப் போகிறவருக்காகச் செய்ததில்லை.

உங்கள் சைக்கிள் எந்த அறிகுறியைக் காட்டுகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், வாங்கப் போகிறவர்கள் உட்பட.

ஏற்றத்தில் மினுக்குகிறது

கூடலூரிலிருந்து குமுளிக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு தம்பி சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அண்ணே, கம்பம் ரோட்டுல பளிச்சுனு எரியுது. ஏத்தத்துல ஏறுனா முழிச்சு முழிச்சு மூடுது. கண்ணு கூசுதுண்ணே."

"மிதிக்க மிதிக்க மினுக்கலும் வேகமாகுதா, இல்ல தோணுனப்பல்லாம் போயிப் போயி வருதா?"

"மிதிக்கிறதுக்குத் தக்கனதாண்ணே வருது."

"அப்ப ஒண்ணும் கெடல தம்பி."

இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வழக்கு தீர்ந்துவிடும். இருட்டான இடத்தில் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்து மினுக்கலும் சீராக ஏறி இறங்கினால் அது கோளாறு இல்லை, டைனமோவின் இயல்பு. தாறுமாறாக, இஷ்டத்துக்கு அணைந்து எரிந்தால் வயர்க் கோளாறு. அதற்கு நான்காவது பகுதிக்குப் போங்கள்.

சீரான மினுக்கலுக்குக் காரணம் இதுதான். ஹப் தருவது மாறுதிசை மின்சாரம். ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் ஹப்பில் 28 காந்தத் துருவங்கள் இருக்கின்றன. சக்கரம் ஒருமுறை சுற்றினால் 14 முழு அலைகள் வரும். ஒவ்வொரு அலையும் இரண்டு முறை சுழியத்தைத் தொட்டு எழும். ஆக ஒரு சுற்றுக்கு 28 துடிப்பு. சாதாரண 28 இன்ச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 55 துடிப்பு வரும். பெரும்பாலானவர்களின் கண்ணுக்கு அது தொடர்ந்த வெளிச்சம். 7.5 கிலோமீட்டரில் 28 துடிப்பு, எரிச்சல் தரும். 5 கிலோமீட்டரில் 18 துடிப்புதான். அப்போது சாலையில் கிடக்கும் கல்லும் அதன் நிழலும் துள்ளுவதுபோல் தெரியும். கொண்டை ஊசி வளைவில் உள்வட்டமாகத் திரும்பும்போது எது பள்ளம், எது நிழல் என்று பிரித்தறிய முடியாது. ஆகவே இதைச் சின்ன அசௌகரியம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

பழைய ஹாலஜன் பல்பில் இந்தத் தொல்லை குறைவு. அதன் இழை சூடேறியபின் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் முழுசாக ஆறாது. எல்.இ.டி. அப்படியில்லை, கரண்ட் நின்ற நொடியில் அணைந்துவிடும். டயரில் உரசும் பாட்டில் டைனமோவிலும் மினுக்கல் அவ்வளவாகத் தெரியாது. அதன் சின்ன உருளை, சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் பல முறை சுற்றிவிடுவதால் துடிப்புகள் நெருக்கமாக வந்துவிடும். பாட்டில் டைனமோவில் பழகியவர்கள் ஹப்புக்கு மாறியதும் "பழசே தேவலை" என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

இதற்குச் சரியான மருந்து, உள்ளே போதுமான கெபாசிட்டர், அதாவது மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் சேர்த்துவைக்கும் பாகம், வைத்த விளக்கு. துடிப்புக்கு இடையிலான பள்ளத்தை அது நிரப்பிவிடும். அட்டைப்பெட்டியில் இதை எழுதியிருக்க மாட்டார்கள். சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நண்பர் யாரிடமாவது ஹப் டைனமோ சக்கரம் இருந்தால் விளக்கை அதில் இணைத்து, விநாடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் கையால் சுற்றுங்கள். அது 7.5 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமம். சுவரில் விழும் வெளிச்சத்துக்கு முன்னால் விரல்களை விரித்து வேகமாக ஆட்டுங்கள். விரல்கள் தனித்தனி நிழல்களாக உடைந்து தெரிந்தால் அந்த விளக்கு உங்கள் மலைக்கு ஆகாது. நிழல் வழுக்கிக்கொண்டு கலங்கலாகப் போனால் தாராளமாக வாங்கலாம்.

கையில் இருக்கும் விளக்கையே தேற்ற முடியுமா என்று எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் கேட்பார்கள். மாறுதிசையை நேர்திசையாக்கும் டையோடு பிரிட்ஜ் ஒன்றும் அதன் பின்னால் 4,700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் போட்டால் மினுக்கல் கணிசமாகக் குறையும். நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. முதல் காரணம், கூடுதல் பிரிட்ஜ் தன் பங்குக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். மெதுவேகத்தில் நமக்கு அந்த ஒரு வோல்ட்தான் உயிர். இரண்டாவது, இறக்கத்தில் விளக்கின் இணைப்பு விட்டுப்போனால் சுமை இல்லாமல் வோல்ட் எகிறி, கெபாசிட்டர் வெடிக்கும்.

மினுக்கவில்லை, ஆனால் ஏற்றத்தில் மங்கிவிடுகிறது

ஹப் டைனமோவின் மேல் 6 வோல்ட், 3 வாட் என்று எழுதியிருக்கும். அது எந்த வேகத்தில் என்பதுதான் விஷயம். இந்தத் துறையின் அளவுகோல் ஜெர்மனியின் சாலை விதி. நல்ல ஹப்புகளெல்லாம் அதற்கு ஏற்பத்தான் வடிவமைக்கப்படுகின்றன. 12 ஓம் சுமையை இணைத்தால் 15 கிலோமீட்டர் வேகத்தில் கிட்டத்தட்ட 6 வோல்ட் வர வேண்டும். 5 கிலோமீட்டரில் 3 வோல்ட் வந்தால் போதும். பாதி வோல்ட் என்றால் பாதி வெளிச்சம் என்று நினைக்காதீர்கள். அதே சுமையில் வோல்ட் பாதியானால் கரண்ட்டும் பாதியாகும், சக்தி கால்பங்காகிவிடும். 3 வாட் அங்கே முக்கால் வாட். இந்த முக்கால் வாட்டை விளக்கு எப்படிப் பயன்படுத்துகிறது என்பதில்தான் ஏற்றத்து வெளிச்சம் இருக்கிறது.

வேகம் கூடினால் நிலைமை வேறு. வேகத்தோடு மின்னழுத்தம் ஏறும்போது சுருளின் தடையும் அதே அளவில் ஏறுவதால் கரண்ட் அரை ஆம்பியர் அருகே நின்றுவிடும். அதனால்தான் வேகமாகப் போகிறவர்களுக்கு இரண்டு மூன்று எல்.இ.டி.களைத் தொடராகக் கோத்த விளக்குகள் நன்றாக வேலை செய்கின்றன. அதே அரை ஆம்பியர் ஒவ்வொரு எல்.இ.டி. வழியாகவும் போய் வெளிச்சத்தைப் பெருக்கும். ஆனால் ஒரு வெள்ளை எல்.இ.டி. விழிக்கவே சுமார் 3 வோல்ட் வேண்டும். மூன்றைக் கோத்தால் 9 வோல்ட். குமுளி ஏற்றத்தில் அந்த 9 வோல்ட்டை எங்கே தேடுவது? மெதுவாகப் போகிறவர் பார்க்க வேண்டியது ஒற்றை எல்.இ.டி. விளக்கு. இது நான் சமரசம் செய்துகொள்ளாத ஒரே விதி.

அடுத்தது, உள்ளே இருக்கும் டையோடு. மாறுதிசையை நேர்திசையாக்கும் பிரிட்ஜில் கரண்ட் எப்போதும் இரண்டு டையோடுகளைக் கடக்கும். சாதாரண சிலிக்கன் என்றால் ஒன்றுக்கு 0.7 வீதம் 1.4 வோல்ட் அங்கேயே போய்விடும். ஷாட்கி டையோடு என்றால் அதில் பாதிக்கும் குறைவு. 3 வோல்ட் கையில் இருக்கும்போது 1.4 வோல்ட் இழப்பது என்றால் என்ன அர்த்தம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மலிவு விளக்கும் விலை கூடிய விளக்கும் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றுபோல் எரிந்து, 6 கிலோமீட்டரில் வானத்துக்கும் பூமிக்குமாக வேறுபடுவதற்கு இது முக்கியக் காரணம்.

விளக்கு சரிதான் என்றால், கரண்ட் வேறு எங்காவது ஒழுகுகிறதா என்று பாருங்கள். டெயில் லைட்டின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பாருங்கள். ஹெட்லைட் பளிச்சென்று தெளிந்தால் டெயில் லைட் அளவுக்கு மீறி இழுக்கிறது. எல்.இ.டி. டெயில் லைட்டுக்கு மிகக் கொஞ்சம் கரண்ட் போதும், பழைய 0.6 வாட் பல்பு போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். யு.எஸ்.பி. சார்ஜர் இருந்தால் அதையும் துண்டித்துப் பாருங்கள்.

பிறகு ஹப்பின் ரகம். எடையும் இழுவையும் குறைவு என்று விற்கப்படும் ஹப்புகள் உண்டு. ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத்தில் உள்ள ஷ்மிட் நிறுவனத்தின் எஸ்.ஓ.என். டீலக்ஸ் அதற்குப் பெயர்போனது. அது 16 முதல் 20 இன்ச் வரையான சின்னச் சக்கரத்துக்கு முழு 3 வாட் தரும். பெரிய சக்கரத்தில் போட்டால் வேகக்காரர்களுக்கு லாபம். மலையேறுபவருக்கு வெளிச்சம் குறையும். 28 இன்ச் சக்கரம் வைத்து மெதுவாகப் போகிறீர்கள் என்றால் முழு 3 வாட் ரகமே எடுங்கள். எஸ்.ஓ.என். 28, ஷிமானோவின் டிஎச்-3என், டிஎச்-3டி வரிசைகளெல்லாம் அந்த ரகம். மறுபக்கம், 20 இன்ச் மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர் கொடுத்துவைத்தவர். அதே 6 கிலோமீட்டர் வேகத்தில் அவருடைய சக்கரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்றும். மினுக்கலும் குறையும், வெளிச்சமும் கூடும்.

இழுவைக்குப் பயந்து சிறிய ஹப் எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். நூற்றுக்கு ஏழு என்ற ஏற்றத்தில் 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, மலையை வெல்வதற்கு மட்டுமே சுமார் 97 வாட் வேண்டும். அந்த வேகத்தில் ஹப் விளக்குக்காகக் கேட்பது இரண்டொரு வாட். இருட்டில் பாதை தெரிவதற்கு அது கொடுக்கத் தகுந்த விலைதான்.

லக்ஸ் எண் பெரிது, ஆனாலும் சக்கரத்தடியில் இருட்டு

இது கோளாறே இல்லை. எண்ணை நம்பி வாங்கியதன் விளைவு. அட்டைப்பெட்டியில் உள்ள லக்ஸ் என்ற வெளிச்ச அளவு 10 மீட்டர் தூரத்தில், கற்றையின் மிகப் பிரகாசமான புள்ளியில் அளந்தது. மொத்த வெளிச்சத்துக்கும் அதற்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஜெர்மனியின் பூஷ் உண்ட் மியுல்லர் என்ற விளக்கு நிறுவனம் ஐக்யூ சையோ விளக்கை இரண்டு வகையில் கொண்டுவந்தது: ஒன்று 60 லக்ஸ், மற்றது 40 லக்ஸ். எண்ணைப் பார்த்து எல்லோரும் 60-ஐ எடுப்பார்கள். ஆனால் 40 லக்ஸ் வகையில் வெளிச்சத்தின் ஒரு பங்கைச் சக்கரத்துக்கு முன்னால் உள்ள தரையில் பரப்பியிருந்தார்கள். வேகமாகப் போகிறவருக்குத் தூரம் முக்கியம். 6 கிலோமீட்டரில் ஏறுபவர் விநாடிக்கு இரண்டு மீட்டர்கூட நகர்வதில்லை. அவருக்கு வேண்டியது அடுத்த நாலைந்து மீட்டரில் கிடக்கும் கல், குழி, மழைநீர் அரித்த தார் ஓரம். கிட்டத்து வெளிச்சம் உள்ள விளக்கைக் கேட்டு வாங்குங்கள், லக்ஸ் எண் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஏற்கெனவே தூரத்து விளக்கை வாங்கியாயிற்று என்றால் அதைச் சற்றுத் தாழ்த்திக் குனிய வையுங்கள். இறங்கும்போது மறக்காமல் நிமிர்த்த வேண்டும். இரண்டு நிலைக்கும் விளக்கின் தாங்கியில் மார்க்கரால் கோடு போட்டு வைத்தால் இருட்டில் தடவ வேண்டியதில்லை.

போடிமெட்டில் பனிமூட்டம் இறங்கினால் எந்த விளக்கும் திணறும். அங்கே உயரத்தில், ஹேண்டில்பாரில் கட்டிய விளக்கு கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவரை எழுப்பும். ஃபோர்க்கின் தலைப்பில் அல்லது அதற்கும் கீழே பொருத்தினால் கற்றை உங்கள் பார்வைக் கோட்டுக்கு அடியில் போகும். சாலையோரக் கோடாவது தெரியும்.

வளைவில் அல்லது குலுக்கலில் அணைகிறது

கொண்டை ஊசி வளைவில் ஹேண்டில்பார் வழக்கத்தைவிட அதிகம் திரும்பும். சமதளத்தில் ஒருநாளும் இழுபடாத வயர் அங்கே இழுபடும். முன்சக்கரத்தைத் தூக்கி ஒருவர் சுற்ற, மற்றவர் ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பட்டும். ஏதாவது ஒரு கோணத்தில் விளக்கு போனால் ஃபோர்க் தலைப்பில் கட்டிய பிளாஸ்டிக் டேக் வயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். மேலுறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். விரலால் அந்த இடத்தை மடக்கினால் மற்ற இடத்தைவிட நொளநொளவென்று மடங்கும், அதுதான் அடையாளம்.

குலுக்கலில் போனால் ஹப்பிலுள்ள கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். ஷிமானோ கனெக்டர் இரண்டு துண்டு பிளாஸ்டிக். வயர் நுனியின் இழைகளை முறுக்கி, இரண்டு காடிகளில் மடக்கி விட்டு, மூடியை அழுத்த வேண்டும். அங்கே ஒரே ஒரு செம்பு இழை, தலைமுடி கனம்தான் இருக்கும், பிரிந்து பக்கத்துக் காடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் ஷார்ட் ஆகும். கேரளப் பக்கத்து மழையில் ஒரு பருவம் ஓடிய சைக்கிளில் அந்த இழைகள் பச்சை பூத்திருக்கும். பச்சை பிடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புதுச் செம்பு தெரியும் வரை உறையை உரித்து, மறுபடி முறுக்கிப் போடுங்கள். பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றும்போது முதல் வேலை இந்தக் கனெக்டரைப் பிடுங்குவது. பஞ்சர் கடைத் தம்பியிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும்.

எதுவுமே எரியவில்லை

முதலில் டெயில் லைட் வயரைக் கழற்றுங்கள். மட்கார்டின் விளிம்பில் உரசி உறை தேய்ந்த டெயில் வயர் ஷார்ட் ஆனால் ஹெட்லைட்டையும் சேர்த்து அணைத்துவிடும். கழற்றியதும் முன்விளக்கு எரிந்தால் குற்றவாளி பின்னால் இருக்கிறது.

இன்னொரு வகை ஷார்ட் கண்ணுக்குத் தெரியாது. ஷிமானோ ஹப்பில் இரண்டு முனைகளில் ஒன்று அச்சோடு, அதன் வழியாகச் சைக்கிள் உடம்போடு இணைந்தது, அதுதான் எர்த் முனை. டெயில் லைட்டின் ஒரு முனையும் உடம்பைத் தொடும் வகை என்றால், இரண்டு பக்கத்திலும் எர்த் முனை எர்த் முனையோடுதான் சேர வேண்டும். மாற்றிப் போட்டால் கரண்ட் விளக்குக்குப் போகாமல் உடம்பு வழியாகவே திரும்பிவிடும். பயப்பட ஒன்றுமில்லை, ஷார்ட்டால் ஹப் கெடாது, கரண்ட் அரை ஆம்பியர் சுற்றளவில்தான் நிற்கும். வயரை மாற்றிப் போட்டால் சரி.

அதற்கும் எரியாவிட்டால் ஹப்புக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஹப்பின் இரு முனைகளில் தொட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். சுற்றும் வேகத்தோடு எண்ணும் ஏறினால் ஹப் உயிரோடிருக்கிறது. மீட்டர் இல்லாதவருக்கும் வழி உண்டு. வயர்த் துண்டு ஒன்றால் ஹப்பின் இரு முனைகளையும் இணைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். சும்மா சுற்றியதைவிட இப்போது சட்டென்று இறுகி, சீக்கிரம் நின்றால் சுருளில் கரண்ட் ஓடுகிறது என்று பொருள், ஹப் நல்லது. இரண்டு முறையும் வித்தியாசமே இல்லாமல் சுற்றினால்தான் ஹப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகம் வந்தாலும் ஹப்பைத் திறக்காதீர்கள். சுருளிலிருந்து வரும் மெல்லிய கம்பி அச்சை ஒட்டித்தான் வெளியே வருகிறது. கனெக்டர் பக்கத்து நட்டைப் பலம் போட்டுத் திருகினாலே அறுந்துவிடும். அச்சைக் கையால் திருப்பும்போது கடகடவென்று பல் பல்லாகத் தட்டுப்படுவதைப் பார்த்து பேரிங் போய்விட்டது என்று திறப்பவர்கள் உண்டு. அது காந்தத்தின் இழுப்பு. புது ஹப்பிலும் அப்படித்தான் இருக்கும்.

நின்றதும் அணைந்துவிடுகிறது

நின்றபின்னும் எரிவதற்கு விளக்குக்குள் பெரிய கெபாசிட்டர் ஒன்று இருக்கும். ஓடும்போது அது நிரம்பும், நிற்கும்போது மெல்ல வடியும். ஏறிய ஓரிரு நிமிடத்தில் நிறுத்தினால் அது நிரம்பியே இருக்காது. கொஞ்சம் ஓட்டிவிட்டுச் சோதியுங்கள். முன்பு நின்று எரிந்தது இப்போது உடனே அணைகிறது என்றால் கெபாசிட்டர் முதுமை அடைந்துவிட்டது. சாலிடர் வைக்கத் தெரிந்தவர் மாற்றித் தருவார்.

மலைப்பாதையில் இதை நான் அலங்காரமாகப் பார்ப்பதில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்க நிற்போம், உருட்டிக்கொண்டு நடப்போம். விடியற்காலை இருட்டில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் எந்த வேகத்தில் வளைவுகளில் வெட்டித் திரும்பும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓரத்தில் நிற்கும் உங்களை அவர்கள் பார்க்க வேண்டும் என்றால் பின்விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஜெர்மன் விதி பின்விளக்கு நின்றபின் குறைந்தது 4 நிமிடம் எரிய வேண்டும் என்கிறது. முன்னால் சிக்கனம் பிடித்தாலும் பின்னால் பிடிக்காதீர்கள்.

நடக்கும் வேகத்துக்கும் கீழே, அதாவது சுமையோடு உருட்டிக்கொண்டு போகும் 3, 4 கிலோமீட்டரில், எந்த ஹப் டைனமோவும் வழிகாட்டும் அளவுக்கு வெளிச்சம் தராது. நின்றெரியும் கெபாசிட்டர் உங்களை மற்றவர்களுக்குக் காட்டும், அவ்வளவுதான். சட்டைப்பையில் சின்ன பேட்டரி டார்ச் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

இறக்கத்தில் பல்பு போய்விடுகிறது

பழைய பல்பு செட் வைத்திருப்பவர்களின் பிரச்சினை. 2.4 வாட் முன் பல்பும் 0.6 வாட் பின் பல்பும் சேர்ந்துதான் 3 வாட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று போனால் அதன் பங்கும் மற்றதன் தலையில் விழும். இறக்கத்தின் வேகத்தில் அதுவும் போய்விடும். முன்பக்கம் எல்.இ.டி. மாற்றிவிட்டுப் பின்பக்கம் பழைய பல்பை விட்டாலும் இதே கதிதான். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். சுமை எதுவும் இல்லாமல் இறங்கும்போது ஹப்பின் முனைகளில் பத்துப் பத்தாக வோல்ட் ஏறும் என்பதால், தொங்கும் வயர் நுனிகளை டேப் சுற்றி வையுங்கள்.

போன் சார்ஜ் ஏறவில்லை

ஏறாது. 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் என்றாலே 2.5 வாட். 6 கிலோமீட்டர் வேகத்தில் ஹப் அதைத் தராது. போன் சார்ஜ் ஏறுவதும் விடுவதுமாக இருந்து பேட்டரியை வீணாக்கும். சமதளத்தில் பகலில் பவர் பேங்குக்கு ஏற்றி, அதிலிருந்து போனுக்குக் கொடுங்கள். ஏற்றத்தில் விளக்குக்கும் சார்ஜருக்கும் சேர்த்துக் கரண்ட் கிடையாது.

புதிதாக வாங்கப் போகிறவர் அளந்து பார்க்க வேண்டியவை

ஹப் டைனமோ புதுச் சரக்கு இல்லை. இங்கிலாந்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் 1936-லேயே டைனோஹப் என்று விற்றது. ஆனால் இன்று கிடைக்கும் ஹப்புகள் 100 மி.மீ. அகல ஃபோர்க்குக்குச் செய்தவை. நம் ஊர்க் கம்பி பிரேக் சைக்கிளின் முன் ஃபோர்க் பெரும்பாலும் அதைவிடக் குறுகல். பணம் கட்டும் முன் ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் உள்ளே, அச்சு உட்காரும் இடத்தில் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசத்தை நல்ல மெக்கானிக் இரும்பு ஃபோர்க்கை விரித்துச் சமாளிப்பார். அலுமினியம், கார்பன் ஃபோர்க்கில் அதை முயலவே கூடாது.

பிறகு துளை எண்ணிக்கை. நம் பழைய சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 ஸ்போக். ஹப் டைனமோ 32, 36 இரண்டிலும் வருவதால் உங்கள் ரிம்மை எண்ணிப் பார்த்தே ஆர்டர் கொடுங்கள். டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால் அச்சு நெம்பித் திறக்கும் க்விக் ரிலீஸா, உள்ளே நுழைக்கும் தடித்த அச்சா என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்றுக்குரிய ஹப் மற்றதில் உட்காராது. மாட்டும்போது ஷிமானோ ஹப்பின் கனெக்டர், சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் வலக்கைப் பக்கம் வர வேண்டும்.

டைனமோ ஹப்பின் விளிம்பு சாதாரண ஹப்பைவிடப் பெரிது. பழைய ஸ்போக்குகள் நீளம் கூடிப்போகும், பயன்படாது. புது ஹப்பைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லி, அந்த நீளத்துக்குப் புது ஸ்போக் வாங்கி, சக்கரம் கோத்துப் பழகிய கையிடம் கொடுங்கள்.